சும்மா ஒரு ஊசிதானா?

மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று மாலை, கோவையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலக்கணம் சொல்லித் தந்தவர். நாங்கள் அனைவரும் அவரை ஐயா என்றே அழைப்போம். ஒருமுறை கூட்டத்துக்கு வர இயலாது என்று தொலைபேசியில் சொன்னார். "ஒரு சின்ன டெஸ்டுங்க. காலையில போனா சாயங்காலம் வந்தறலாம்னு சொல்றாங்க. சும்மா ஒரு ஊசிதானாமுங்க."

அவர் வீடு திரும்பியது எட்டாம் நாள்.

விடாத இருமல், அதற்கோர் எக்ஸ்ரே, அதில் ஐயம் தோன்றியதால் சிடி ஸ்கேன். வலப்புற நுரையீரலில் ஒரு நிழல். அது காசநோயா, புற்றா என்று அறிய அதிலிருந்து ஒரு துணுக்கு வேண்டும். பழைய காலமென்றால் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். இன்று சிடி திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கிடையே நீண்ட ஊசி ஒன்றைச் செலுத்தித் துணுக்கை எடுத்துவிடுகிறார்கள். அரை மணி நேர வேலை. ஐயாவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவருக்கு மூச்சுத் திணறியது. ஊசி சென்ற வழியே காற்று கசிந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே நிறைந்து, நுரையீரல் பாதி சுருங்கியிருந்தது. விலா இடுக்கில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். ஐந்து நாள் அந்தக் குழாயோடு படுத்திருந்தார். துணுக்கின் முடிவு காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு இன்று நலமாக இருக்கிறார்.

அவருடைய உறவினர் ஒருவர் மருத்துவமனையில் பெரும் கூச்சல் போட்டாராம். வழக்குத் தொடுக்க வேண்டும் என்று எங்களுள்ளும் சிலர் கொதித்தோம். ஐயா அமைதியாகச் சொன்னார்: "குத்துனதுக்கு எனக்கு வருத்தமே இல்லீங்க. சொல்லாமக் குத்துனாங்க பாருங்க, அதுதானுங்க."

பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்திட்டவர் அவர் மகன். ஐயா பக்கத்துக் கட்டிலில் முழு நினைவோடு அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். படிவத்தை அவரிடம் யாரும் காட்டவில்லை.

எந்த மருத்துவமனை என்பது இங்கே பொருட்டில்லை. இது எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது, நடந்துகொண்டும் இருப்பது. எங்களுள் மருத்துவர் எவருமில்லை. ஆனால் ஐயாவின் அந்தச் சொற்கள் எங்களை விடவில்லை. சில மாதங்களாக இதைப் பற்றியே தேடிப் படித்தோம், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டோம். அப்படி எங்களுக்கு உருவான கருத்தை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐயாவுக்கு ஊசி போட்ட மருத்துவர் பிழை எதுவும் செய்யவில்லை. சிடி வழிகாட்டலில் நுரையீரலில் துணுக்கெடுக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இவ்வாறு காற்று கசிகிறது. உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகளிலும் கணக்கு ஏறத்தாழ இதுதான். பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும். பதினைந்து, இருபது பேரில் ஒருவருக்குக் குழாய் தேவைப்படும். ஐயா அந்த ஒருவர், அவ்வளவே. கை எவ்வளவு தேர்ந்ததாயினும் ஊசி துளைப்பது நுரையீரலை, அதற்குள் இருப்பதோ காற்று.

தமிழில் நாம் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கிறோம். பிழை வேறு, சிக்கல் வேறு. தறியும் நூற்பாலையும் நிறைந்த இந்தக் கொங்கு மண்ணில் இதை விளக்கத் தேவையே இல்லை. பாவு ஓட்டும்போது நூல் சிக்குவது எந்த நெசவாளருக்கும் நேரும். அதற்காக அவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. சிக்கை எடுக்காமல் மறைத்து நெய்து துணியை விற்பதே குற்றம். மருத்துவத்திலும் சிக்கல் நேர்வது தவறன்று. அது நேரக்கூடும் என்று முன்னால் சொல்லாததும், நேர்ந்த பின் எண்ணிவைக்காததும்தான் தவறு. இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதை மட்டுமே.

படம் பார்த்துச் செய்யும் நுண்துளைச் சிகிச்சைகள் இன்று நம் வாழ்வின் பகுதியாகிவிட்டன. ஆஞ்சியோ செய்துகொண்டவர், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், ஸ்கேன் பார்த்துக் கல்லீரலில் ஊசி போட்டுக்கொண்டவர், கட்டியை ஊசி முனையின் வெப்பத்தால் பொசுக்கிக்கொண்டவர் என ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு, கூலிவேலை செய்பவரும் இச்சிகிச்சைகளைப் பெறும் நிலை உண்டானது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் உச்ச விலையை 29,600 ரூபாய் என்று தேசிய மருந்து விலை ஆணையம் நிர்ணயித்தபோது, அதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்துவந்த குடும்பங்கள் பெருமூச்சு விட்டன. இவை நல்ல மாற்றங்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பெரிய அறுவையோடு ஒப்பிட்டால் நுண்துளைச் சிகிச்சையில் வலி குறைவு, இரத்த இழப்பு குறைவு, படுக்கை நாட்கள் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஆபத்தும் குறைவு.

ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. துளையின் அளவை வைத்து ஆபத்தின் அளவைக் கணிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நாம் கணிக்கிறோம், மருத்துவமனை ஊழியர்களும் "ஆபரேஷன் இல்லீங்க, சும்மா ஓட்டைதான்" என்று சொல்லி அதை உறுதிப்படுத்துகிறார்கள். அந்தச் சிறு துளை வழியே உள்ளே செல்லும் கம்பி சென்று சேரும் இடம் இதயம் என்பதை அந்தச் "சும்மா" மறைத்துவிடுகிறது.

இந்தத் துறையை உருவாக்கியவர்கள் இப்படிப் பேசவில்லை. 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தம் கை நாளத்தின் வழியே ஒரு குழாயைத் தம் இதயம்வரை செலுத்தி, அப்படியே படியிறங்கிச் சென்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். ஆபத்து என்னவென்று தெரிந்தே அதைத் தம் உடம்பிலேயே சோதித்தவர். 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர், கால் அழுகத் தொடங்கியும் அதை வெட்ட மறுத்த எண்பத்திரண்டு வயது மூதாட்டியின் அடைபட்ட தொடை நாளத்தைக் குழாயாலேயே விரித்துக் காலைக் காத்தார். 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்ஸிக், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் சிறு பலூனை ஊதி அடைப்பை நீக்கினார். இந்தியாவில் இம்முறையை வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் சென்னையில் பணியாற்றி 2025இல் மறைந்த மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்.

கிரன்ட்ஸிக்கின் துணிவை விட எங்களைக் கவர்ந்தது அவருடைய நேர்மை. தம் சிகிச்சையை மற்ற மருத்துவர்கள் நேரடியாகப் பார்க்கும்படி செய்து காட்டினார். அந்தக் காட்சியில் எது தவறினாலும் எல்லார் கண்ணெதிரே தவறும். நெஞ்சைத் திறக்கும் அறுவை மருத்துவர் ஆயத்தமாக இருக்கும்போதே பலூன் சிகிச்சை செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். முதல் சிகிச்சை நடந்த இரண்டே ஆண்டுகளில், 1979இல், அமெரிக்க தேசிய இதய நிறுவனம் பலூன் சிகிச்சைகளுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, எத்தனை பேர் இறந்தனர் என்று தொடக்கத்திலிருந்தே எண்ணி வந்தார்கள்.

எண்ணியதால் என்ன பயன் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த சிறந்த சான்று பித்தப்பை. வயிற்றில் சிறு துளையிட்டுப் பித்தப்பையை நீக்கும் முறையை 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே செய்தார். இந்தியாவில் 1990இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா முதன்முதலில் செய்தார். கோவைக்கும் அது விரைவிலேயே வந்தது. 1990களின் தொடக்கத்தில் இங்கே லேப்ராஸ்கோப்பியைத் தொடங்கிய சி. பழனிவேலு, பிற்காலத்தில் ஜெம் மருத்துவமனையை நிறுவி, வெளிநாட்டு மருத்துவர்களும் வந்து பயிலும் இடமாக இவ்வூரை மாற்றினார். அந்த முதல் ஆண்டுகளில் உலகெங்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பெரிய வெட்டில் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நேர்ந்துவந்த பித்தநாளக் காயம், சிறு துளையில் ஆயிரத்தில் நான்கைந்து பேருக்கு நேர்ந்தது. திரையில் தெரிவது தட்டையான படம். எது பித்தப்பையின் குழாய், எது கல்லீரலிலிருந்து வரும் முதன்மைக் குழாய் என்று கண் ஏமாந்தது. இதை மருத்துவர்கள் மறைக்கவில்லை. எண்ணி வெளியிட்டார்கள். 1995இல் ஸ்ட்ராஸ்பர்க் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு விதியை வலியுறுத்தினர்: பித்தப்பைக்குள் செல்பவை இரண்டே இரண்டு குழாய்கள்தாம் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை எதையும் வெட்டாதே. இன்று உலகெங்கும் அறுவை மாணவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது அந்த விதி. சிக்கலை எண்ணியிராவிட்டால் அது பிறந்திருக்காது.

ஆஞ்சியோவிலும் இதே கதைதான். தொடையின் இடுக்கு வழியே குழாயைச் செலுத்தும்போது இரத்தக்கசிவே பெருந்தொல்லையாக இருந்தது. அதைக் கணக்கிட்டுப் பார்த்ததால்தான் மணிக்கட்டு வழி தேடப்பட்டது. 1989இல் லூசியன் காம்போ அவ்வழியே ஆஞ்சியோ செய்ததை வெளியிட்டார். 1992இல் கீமனேய் அதே வழியில் பலூனும் வைத்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2015இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வு, மணிக்கட்டு வழியில் இரத்தக்கசிவும் இறப்பும் குறைவதைக் காட்டியது. இன்று நம் ஊரில் ஆஞ்சியோ முடிந்தவர் கைக்கட்டோடு நடந்து வருகிறார் என்றால், அதற்குப் பின்னால் யாரோ எண்ணிய பல ஆயிரம் இரத்தக்கசிவுகள் உள்ளன.

நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வது வெறும் மரியாதைக்காக மட்டுமன்று. அதுவே ஒரு பாதுகாப்புக் கருவி. இதை மூன்று சிக்கல்களைக் கொண்டு விளக்கலாம்.

தொடை வழியே ஆஞ்சியோ செய்தபின் சிலருக்கு வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாது. உள்ளுக்குள், வயிற்றின் பின்புறத்தில் இரத்தம் தேங்கும். அதன் முதல் அடையாளம் பல நேரங்களில் முதுகுவலியும் தலைச்சுற்றலுமே. நோயாளி அதைப் "படுத்தே கிடந்ததால் வந்த வலி" என்று பொறுத்துக்கொள்வார். அது என்னவென்று முன்பே சொல்லப்பட்டவர் மட்டுமே செவிலியரை அழைப்பார்.

இரண்டாவது, சிறுநீரகம். நாளங்கள் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் அயோடின் கலந்த மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நீரிழிவோடு ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கூறுகிறது. அந்தப் பாதிப்பு இரத்தப் பரிசோதனையில் தெரிய இரண்டு மூன்று நாட்களாகும். அதற்குள் நோயாளி பேருந்தேறித் தாராபுரமோ அவிநாசியோ போய்ச் சேர்ந்திருப்பார். மூன்றாம் நாள் கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால்தான் பார்ப்பார்.

மூன்றாவது, கதிர்வீச்சு. சிக்கலான அடைப்புகளை நீக்கும்போது எக்ஸ்ரே நீண்ட நேரம் ஒரே இடத்தில் விழும். அரிதாகச் சிலருக்கு அந்த இடத்துத் தோல் சிவந்து, புண்ணாகி, ஆறாமல் நிற்கும். 1994இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது. புண் தோன்றுவது பல வாரங்கள் கழித்து, அதுவும் முதுகில். நோயாளி தோல் மருத்துவரிடம் போவார். தமக்கு இதயச் சிகிச்சை நடந்ததை அங்கே சொல்லத் தோன்றாது. பூச்சி கடித்ததென்றும் படை என்றும் மருந்து பூசிக்கொண்டிருப்பார். சிகிச்சை செய்த மருத்துவருக்கோ இப்படி ஒன்று நேர்ந்ததே தெரியவராது. அவருடைய கணக்கில் அது வெற்றிகரமான சிகிச்சை. ஈய மேலங்கி அணிந்து, மார்பில் கதிர்வீச்சு அளவிடும் பட்டையைக் குத்திக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்ளும் மருத்துவக் குழு, நோயாளி பெற்ற கதிர்வீச்சின் அளவையும் அவருடைய சிகிச்சைச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதித் தரலாமே என்பது எங்கள் ஆதங்கம். இயந்திரமே அந்த அளவைக் காட்டுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கோவை உலகுக்குக் காட்டிய நல்ல முன்மாதிரி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. மாரடைப்பு வந்தவருக்கு எவ்வளவு விரைவில் அடைப்பு நீங்குகிறதோ அவ்வளவு இதயத்தசை பிழைக்கும். ஆனால் கேத் லேப் இருப்பது பெருநகரில். வால்பாறையில் நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவர் மலையிறங்கிவரும்வரை இதயம் காத்திருக்காது. கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரியும் முன்னின்று, தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களில் சிறு மருத்துவமனைகளையும் 108 ஆம்புலன்சையும் கேத் லேப் உள்ள மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். அருகிலுள்ள சிறு மருத்துவமனையிலேயே இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் ஒரு நாளைக்குள் பெரிய இடத்துக்குக் கொண்டுவந்து ஆஞ்சியோ பார்ப்பது என்பது அதன் முக்கிய வழிமுறை. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

இந்த எண்களை நாம் எப்படி அறிகிறோம்? திட்டம் தொடங்குவதற்கு முன்பே எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணினார்கள். தொடங்கிய பின்னும் எண்ணினார்கள். நூற்றுக்குப் பதினேழு பேரை இழந்துகொண்டிருக்கிறோம் என்று எழுதிவைக்க அவர்கள் வெட்கப்படவில்லை. அவிநாசி சாலையில் செல்லும்போது மருத்துவமனை விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறோம். இத்தனை ஆயிரம் ஆஞ்சியோபிளாஸ்டி, இத்தனை ஆயிரம் லேப்ராஸ்கோப்பி என்று எண்கள் மின்னுகின்றன. அவற்றுள் எத்தனை பேருக்குச் சிக்கல் நேர்ந்தது என்ற எண்ணை எந்தப் பலகையிலும் நாங்கள் கண்டதில்லை. பலகையில் போட வேண்டாம். மருத்துவமனையின் இணையதளத்தில் ஆண்டுக்கொருமுறை வெளியிட்டால் போதும்.

எண்ணுவதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது தேவைதானா? நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதால் மட்டும் இறப்போ மாரடைப்போ குறைவதில்லை என்று 2007இல் கரேஜ் ஆய்வு காட்டியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த இஸ்கீமியா ஆய்வும் 2020இல் ஏறத்தாழ அதையே சொன்னது. மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது உயிர் காக்கும் அதே ஸ்டென்ட், நிதானமாக மருந்தால் சமாளிக்கக்கூடியவருக்கு வலியைக் குறைக்கலாம், ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை. தேவையுள்ள சிகிச்சையில் நேரும் சிக்கலை நாம் ஏற்கலாம். தேவையற்ற சிகிச்சையில் நேரும் சிக்கலுக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்கு உரிய பாதுகாப்பை அளித்தது. சிகிச்சையின் முடிவு கெட்டுப்போனது என்பதற்காக மட்டும் மருத்துவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, பெரும் அலட்சியம் இருந்தால் மட்டுமே குற்றவியல் வழக்கு என்றது. இது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறோம். 2008 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு ஐயாவின் கதைக்கு மிக அருகில் வருகிறது. டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோப்பி வழியே பரிசோதனை செய்துகொள்ள மட்டும் ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது அறைக்கு வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று அவருடைய கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். வயது வந்த, தெளிந்த மனமுடைய ஒருவர் இருக்கும்போது, உயிராபத்து இல்லாத நிலையில், தாயின் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. எங்கோ இலட்சத்தில் ஒருவருக்கு நேர்வதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்ற நடைமுறை அறிவும் அதில் இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு நேர்வது அந்தக் கணக்கில் வராது.

இதற்கு மருத்துவ நண்பர்கள் சொல்லும் மறுமொழியை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. "எண்ணைச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். புற்று இருந்து ஓடிவிட்டால் அந்த உயிருக்கு யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச முடியுமா என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது. பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்களை அமர்த்துவது அதற்கொரு வழி. முதல் கேள்வியை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் கொங்கு நாட்டு உழவரைப் போல ஆபத்தை எடைபோடத் தெரிந்தவர் யார்? ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்து நிற்கிறது. தண்ணீர் வரலாம், வெறும் புழுதியும் வரலாம். அடிக்கு இவ்வளவு என்று முன்பே பேசியாகிவிட்டது. முன்பு அந்தத் தோட்டத்தில் எத்தனை போர் பொய்த்தது என்று ஊருக்கே தெரியும். நகையை அடகு வைத்த பணம் புழுதியாகப் போனாலும் ரிக் வண்டிக்காரரோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. தெரிந்து செய்ததால் தாங்கிக்கொள்கிறார்கள். அந்த மனிதர்தாம் மருத்துவமனைக்கு வந்ததும் எண்ணைக் கேட்டால் ஓடிவிடுவாரா? ஓடுவதற்கும், மருத்துவமனையில் கூச்சலிடுவதற்கும், சில நேரங்களில் கண்ணாடியை உடைப்பதற்கும் நாங்கள் கண்ட காரணம் வேறு. சாயங்காலம் வந்துவிடலாம் என்று சொல்லி அழைத்துச் சென்றவரைக் குழாயோடு பார்ப்பதுதான் காரணம்.

எங்கள் கோரிக்கைகள் மிகச் சிறியவை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். என்ஏபிஎச் தரச்சான்று பெற விரும்பும் மருத்துவமனை நோயாளிக்குப் புரியும் மொழியில்தான் ஒப்புதல் பெற வேண்டும். அது சுவரில் சான்றிதழாகத் தொங்கினால் போதாது, கையில் தாளாக வர வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் நோயாளி இருந்தால், மகனிடமன்று, அவரிடமே பேசட்டும். எண் தெரிந்தால் எண்ணைச் சொல்லட்டும். வீட்டுக்குப் போனபின் எந்த அறிகுறி வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று எழுதித் தரட்டும். சிக்கல்களை எண்ணி ஆண்டுதோறும் வெளியிடட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தார்கள். புதுடெல்லியும் அவற்றுள் ஒன்று. அந்த ஒற்றைத் தாளைப் பயன்படுத்திய பின் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததென 2009இல் வெளியிட்டார்கள். ஒரு தாளால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அதுவே விடை.

நம் தரப்பிலும் கடமை உண்டு. இது எதற்கு, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன, இங்கே மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், சிக்கல் வந்தால் இங்கேயே பார்க்க ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, நீரிழிவு மாத்திரை, பழைய ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்காமலே சொல்ல வேண்டும். டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

சென்ற கூட்டத்துக்கு ஐயா வந்திருந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து எங்களிடம் நீட்டினார். தமக்கு நடந்த சிகிச்சைக்கு ஒரு தமிழ் ஒப்புதல் படிவத்தை அவரே எழுதியிருந்தார், அழகிய கையெழுத்தில். என்ன செய்யப் போகிறார்கள், ஏன், ஐந்தில் ஒருவருக்கு என்ன நேரும், அப்போது என்ன செய்வார்கள் என்று எல்லாம் குறுவாக்கியங்களில் இருந்தன. தம் மருத்துவரிடம் ஒரு படி கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் வாங்கிப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாராம். பயன்படுத்துவாரா என்று எங்களுக்குத் தெரியாது.

முதல் தாளின் அடியில் ஒரு வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. "தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை" என்று எழுதி, பிறகு கோடு கிழித்திருந்தார். ஏன் ஐயா அடித்துவிட்டீர்கள், நல்ல வரியாயிற்றே என்று கேட்டோம்.

"அஞ்சறதா வேண்டாமான்னு அவிங்களே முடிவு பண்ணிக்கட்டுமுங்க" என்றார்.